குடிக்காத தண்ணீர்

செப்டம்பர் 4, புதன்

இன்று விடிய மரீன் டிறைவில் ஓடினேன். ஓடினேன் என்று எழுதக் கை கூசுகிறது. இரண்டு லைற் கம்பம் தாண்டுவதற்குள் வாய்க்குள் இரும்பு ருசி. கடற்கரைப் பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்துத் தண்டவாளத்தில் கோச்சி போனது. கதவில் தொங்கிக்கொண்டு போனவர்கள் கையைக் காட்டிச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். சின்ன மகள் நிருஷாவின் பழைய ஓட்டக் களிசானும் போய்ச்சேர்ந்த என் மனிசனின் முழுக்கைச் சேட்டும் போட்டுக்கொண்டு ஒரு கிழவி நின்றால் நானும்தான் சிரிப்பேன்.

அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? “நாகேஸ்வரி, உனக்கு விசரே?” ஓமப்பா. பைத்தியம்தான்.

டொக்டர் சொன்னதை நிருஷா எனக்குத் தமிழில் சொன்னபடி இங்கே எழுதி வைக்கிறேன். கிட்னி பழுதாய்ப்போன என் மூத்தவள் மயூரிக்கும் எனக்கும் இரத்தம் பொருந்துகிறது. ஆனால் எனக்கு நிறை கூட, பிரஷர் எல்லையில் நிற்கிறது. இரண்டும் இறங்கினால்தான் என்னுடைய கிட்னியை எடுத்து அவளுக்கு வைப்பதைப் பற்றி யோசிக்கலாமாம். ஒக்டோபர் கடைசியில் வந்து காட்டச் சொன்னார். மருமகன் தனஞ்சயன் தரலாம் என்றால் அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. வேறு யார்? நான்தான்.

இறங்காமல் விடுமா. இறக்கிக் காட்டுகிறேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

காலை மடக்க முடியவில்லை. கொமட்டில் இருந்து எழும்ப முடியாமல் மயூரியின் மகள் சாமினியைக் கூப்பிட்டேன். எட்டு வயதுப் பிள்ளை இழுத்து எழுப்ப வேண்டிய நிலைமை எனக்கு.

செப்டம்பர் 10, செவ்வாய்

லிப்ற்றுக்குள் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. இங்கிலீஷ். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், அதுவும் தமிழில். ஆனால் அதில் இருந்த படம் எனக்குத் தெரியும். கஜுக் கொட்டை, முந்திரிப் பருப்பு மாதிரி வளைந்த இரண்டு கிட்னி. கிளினிக் சுவரில் மாதக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிற படம். பார்த்துக்கொண்டு நிற்கும்போதே ஆறாம் மாடி றமீலா ஏறினாள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ரீச்சர். தலையை மூடிக்கொண்டு, நீளச் சட்டையோடு விடிய விடிய ஓடுகிறவள்.

“என்ன ஆன்ட்டி, வாரீங்களா? கிட்னி வருத்தக்காரங்களுக்காக மரதன். டிசம்பர்ல. பத்துக் கிலோமீற்றர்தான், ஆனா எல்லாரும் மரதன் எண்டுதான் சொல்ற.”

“கிழவியளையும் சேர்ப்பினமோ?”

“ஓடுற கிழவியளச் சேர்ப்போம்.”

அந்தச் சொல் எனக்குப் பிடித்துவிட்டது. பேரைக் குடுத்துவிட்டேன். ஏன் ஓடுகிறேன் என்று கேட்டாள். உடம்புக்கு நல்லதுதானே என்றேன். மயூரியின் வருத்தம் இந்த வீட்டுக் கதவுக்கு வெளியே போகக் கூடாது என்று நாங்கள் முடிவெடுத்திருக்கிறோம். நிருஷாவுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறது. குடும்பத்து வருத்தமோ, தங்கச்சிக்கும் வருமோ என்று கேட்பார்கள். ரியூசனுக்கு வருகிற பிள்ளைகளுக்கு மயூரி ரீச்சருக்குக் கால் வீக்கம், அவ்வளவுதான்.

செப்டம்பர் 15, ஞாயிறு

நிருஷாவின் சம்பந்தத்தைக் கொண்டுவந்த றேணுகா வந்து போனாள். இவள் கீழ் மாடியில் இருப்பவள், எனக்குத் தூரத்துச் சொந்தம். கண்ணுக்கு ஒன்றும் தப்பாது. மயூரி அறைக்குள் படுத்திருந்தாள். தலையிடி என்றேன்.

“அக்கா, நீங்கள் கடற்கரையில ஓடித் திரியிறதா ஆக்கள் கதைக்கினம். மாப்பிள்ளை பகுதி பார்த்தால் என்ன நினைப்பினம்?”

“மாமியாருக்குக் கால் நல்லாயிருக்கு எண்டு நினைப்பினம்.”

“இந்த வயசில என்ன ஒலிம்பிக்கே?”

“ஓம். மெடலோட வருவன், நீ படியில ஆரத்தியோட நில்.”

சொல்லியிருக்கக் கூடாது. என் வாய் எப்பவும் காலுக்கு முன்னால் ஓடுகிறது. இனி வெள்ளவத்தைச் சந்தை முழுக்கத் தெரியும்.

செப்டம்பர் 28, சனி

மயூரி ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் குடிக்கலாம் என்று அளவு வைத்திருக்கிறார்கள். சிறுநீர் போகாது, ஆனபடியால் குடிக்கிறது எல்லாம் காலிலும் நெஞ்சிலும் தேங்கும். காலையில் ஒரு சின்னப் போத்தலில் நிரப்பி வைப்பாள். கறியின் குழம்பும் அதில் கணக்கு, தேத்தண்ணியும் அதில் கணக்கு.

இன்று மத்தியானம் சரியான வெக்கை. நான் சமையலை விட்டுக் குசினியில் இருந்து எட்டிப் பார்த்தேன். போத்தலின் மூடிக்குள் கொஞ்சம் ஊற்றி, நாக்கு நுனியை நனைத்துவிட்டு, மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முப்பத்தைந்து வயதுப் பிள்ளை.

ஓட்டத்தால் வந்து கிளாஸ் கிளாஸாகக் குடிக்கிற என்னை எனக்கே பிடிக்கவில்லை.

ஒக்டோபர் 9, புதன்

இன்று கழுவுகிற நாள். கிழமைக்கு இரண்டு தரம் மெசினில் போட்டு இரத்தத்தைக் கழுவுகிறார்கள். நடுவில் பிரஷர் விழுந்து மயூரிக்கு நினைவு தப்பிவிட்டது. நான் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு இன்னொரு நர்ஸ். முருகா முருகா என்பதைத் தவிர வாயில் வேறொன்றும் வரவில்லை.

வீட்டுக்கு வந்து நிருஷா அக்காவின் காலடியில் இருந்து சொன்னாள்: “அம்மாவுக்குச் சரிவராட்டி நான் தாறன். எனக்கும் அதே குறூப்தானே.”

மயூரி கத்தினாள். அந்த உடம்பில் எங்கிருந்து அவ்வளவு சத்தம்? “நீ கலியாணம் கட்டிப் பிள்ளை பெற வேண்டியவள்! இனி அந்தக் கதை இந்த வீட்டில கதைக்கப்படாது!”

ஒரு பிள்ளையை வெட்டி இன்னொரு பிள்ளைக்கு வைக்கிறதா? அதற்கு முன் நான் ஓடி முடிக்கிறேன்.

ஒக்டோபர் 20, ஞாயிறு

நிற்காமல் பம்பலப்பிட்டி முருகன் கோயில் வரைக்கும் போய்த் திரும்பினேன்! றமீலா பக்கத்தில் வந்தாள். “கதைச்சிக்கிட்டு ஓடேலும் எண்டா சரியான வேகம், கதைக்கேலாட்டி வேகம் கூட” என்பது அவள் சொல்லித் தந்தது. இன்று வழி முழுக்க நான் கதைத்தேன், அவள்தான் கேட்டு ஓய்ந்தாள்.

ஒக்டோபர் 25, வெள்ளி

கிளினிக். நிறை இறங்கியிருக்கிறது. பிரஷரும் நல்லம். டொக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு சிங்கள டொக்டர், இவ்வளவு படித்த மனிசன், என் கையை. இனிக் கிட்னிக்கான சோதனை. இரத்தம், சிறுநீர் இரண்டும் கொடுக்க வேண்டும். கடதாசித் துண்டில் எழுதித் தந்தார்கள். நவம்பர் முதல் பகுதியில் எனக்கு வசதியான நாளில் வரலாமாம்.

துண்டை நிருஷா வாசித்தாள். “ஃபாஸ்டிங்ல வரட்டாம் அம்மா.”

“அப்பிடியெண்டால்?”

“விரதம் மாதிரி. சாப்பிடாமல் போக வேணும்.”

அப்போது என் தலைக்குள் ஒரு விளக்கு எரிந்தது. நவம்பர் முதல் பகுதி கந்த சஷ்டி. ஆறு நாள் விரதம். சூரன்போர் அன்று போய் இரத்தம் கொடுத்தால்? கடவுளும் டொக்டரும் ஒரே நேரத்தில் என்னிடம் ஒரே விஷயத்தைக் கேட்கிறார்கள். இதைவிட நல்ல நாள் எங்கே கிடைக்கும்?

நவம்பர் 2, சனி

காப்புக் கட்டியாயிற்று. சின்ன வயதில் அம்மா பிடித்த மாதிரி இந்த முறை கடும் விரதம். பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீரும் இல்லை. பொழுதுபட்ட பிறகு ஒரு கிண்ணம் பால், ஒரு வாழைப்பழம். ஆறாம் நாள் அதுவும் இல்லை.

என் பிள்ளை தண்ணீர் குடிக்க முடியாமல் இருக்கிறாள். நான் ஆறு நாள் குடிக்காமல் இருந்தால் என்ன வந்தது? முருகனுக்கு இது விளங்கும்.

ஓட்டத்தையும் விடவில்லை. விட்டால் நிறை ஏறிவிடும்.

நவம்பர் 5, செவ்வாய்

உதடு வெடித்துவிட்டது. பிடரி இடிக்கிறது. றமீலா கூப்பிட்டாள், கதைத்துக்கொண்டு ஓட முடியவில்லை. விரதம் என்று சொல்லவில்லை. நேர்த்திக்கடனை வெளியே சொன்னால் பலிக்காது.

நவம்பர் 7, வியாழன். சூரன்போர்

நிருஷாவுக்கு லீவு கிடைக்கவில்லை. பின்னேரம் ஒன்றாகப் போவோம் என்றாள். எனக்கு வழி தெரியாதா? எனக்கு வாய் இல்லையா? தனியப் போவேன் என்றேன்.

விடிய எழும்பிக் குளித்து, பம்பலப்பிட்டிக் கோயில் வரைக்கும் ஓடியே போனேன். கும்பிட்டேன். அங்கிருந்து பஸ்ஸில் ஆஸ்பத்திரி. இரத்தம் எடுக்கிற பிள்ளைக்கு நரம்பு அகப்படவில்லை, மூன்று இடத்தில் குத்தினாள்.

“அம்மே, பாஸ்டிங் த?”

“ஓவ், ஓவ்” என்றேன், சிங்களத்திலேயே ஓம் என்று. எவ்வளவு பெருமையாகச் சொன்னேன்! எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாம் ஒரு இரவுக்காரர்கள். நான் ஆறு நாள்.

சிறுநீர் கொஞ்சம்தான் வந்தது. தேயிலைச் சாயம் மாதிரி. அதுவும் விரதத்தின் சுத்தம் என்று நினைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பின்னேரம் கோயிலில் சூரனின் தலை விழுந்தபோது சனத்துக்குள் நின்று சத்தமாக அழுதேன். நல்லபடி முடிந்துவிட்டது என்று.

நவம்பர் 12, செவ்வாய்

சரிவரவில்லை.

சிறுநீரில் இரத்தம் இருக்கிறதாம். புரதம் இருக்கிறதாம். இரத்தத்தில் ஏதோ ஒன்று கூடிக்கிடக்கிறதாம். டொக்டர் இந்த முறை கை தரவில்லை. கடதாசியைப் பார்த்தபடியே நிருஷாவோடு இங்கிலீஷில் கதைத்தார். அவள் முகத்தைப் பார்த்தே எனக்கு விளங்கிவிட்டது.

“என்ன சொல்லுறார்?”

“உங்கட கிட்னியை எடுக்கேலாதாம் அம்மா.”

“ஏன்?”

“உங்களுக்கே ஏதும் வருத்தம் இருக்கோ எண்டு பார்க்க வேணுமாம்.”

நிருஷா ஓட்டோவுக்குள் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வீட்டில் மயூரி கதவைத் திறந்தாள். திறந்தவள் எங்களைப் பார்த்துவிட்டு, “சரி, தேத்தண்ணி போடட்டே?” என்றாள். என் பிள்ளை எனக்கு ஆறுதல் சொல்லுகிறாள். அவள் எனக்கு!

என்ன பாவம் செய்தன்? என்ன குறை வைச்சன் முருகா? நாக்கு வறளக் கிடந்தன். உன்ர வாசலுக்கு ஓடியெல்லோ வந்தன்!

நவம்பர் 13, புதன்

எழும்பவில்லை.

நவம்பர் 14, வியாழன்

வோட்டுப் போடப் போகவில்லை. நிருஷா போட்டுவிட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தனக்குச் சோதனைக்குத் துண்டு வாங்கி வந்திருக்கிறாள். அக்காவுக்குச் சொல்ல வேண்டாம் என்று எனக்கு மட்டும் காட்டினாள். அதிலும் அந்தச் சொல்தான் இருக்குமாக்கும். ஃபாஸ்டிங்.

நவம்பர் 18, திங்கள்

மயூரிக்கு நேற்று மூச்சு முட்டியது. தலையணை அடுக்கி இருத்தி வைத்தோம். சாமினி வந்து, “அம்மாக்கு என்ன அம்மம்மா?” என்றாள். சளி என்றேன். “சளி எண்டா ஏன் நீங்க அழுறீங்க?” என்றாள்.

நிருஷாவின் மாப்பிள்ளை பகுதி தை மாதம் நிச்சயம் செய்வோம் என்கிறார்களாம். றேணுகா சிரித்துக்கொண்டு வந்து சொன்னாள். நானும் சிரித்தேன். என் முகம் எனக்கே பிணத்தின் முகம் மாதிரி இருந்தது.

கடல் பக்கத்து யன்னலைப் பூட்டி வைத்திருக்கிறேன். விடிய ஓடுகிற ஆட்களின் சப்பாத்துச் சத்தம் கேட்கக் கூடாது.

நவம்பர் 21, வியாழன்

றமீலா கதவைத் தட்டினாள். திறக்காமல் இருந்தேன். அவள் விடுகிற ஆள் இல்லை.

“ஆன்ட்டி, உள்ளுக்கு ஈக்கிறீங்க எண்டு தெரியும். ஃபேன் சத்தம் கேக்கிது.”

திறந்தேன். என் கோலத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். அவள் கேட்டிருந்தால் நான் சொல்லியிருக்க மாட்டேன். கேட்காததால் எல்லாம் வந்துவிட்டது. மயூரி, கிட்னி, நிருஷா, சிறுநீரில் இரத்தம். யாரிடமும் சொல்லாததை எல்லாம் ஆறாம் மாடிக்காரியிடம் கொட்டிவிட்டேன்.

பிறகு கேட்டாள்: “டெஸ்ட் குடுத்த அண்டைக்கு ஓடினீங்களா?”

“ஓம். கோயிலுக்கு ஓடித்தான் போனனான்.”

“தண்ணி குடிச்சிட்டா?”

“அதெப்பிடி? விரதமெல்லோ. ஆறாம் நாள்.”

“ஆறு நாளாத் தண்ணி இல்லாமலா ஓடினீங்க?” எழும்பிவிட்டாள். “யா அல்லாஹ்! ஆன்ட்டி, நாங்க முப்பது நாள் நோன்பு பிடிக்கிற சனம். நோன்போட ஓடமாட்டோம், நோன்பு தொறந்த பொறகுதான் ஓடுற. எங்கட நப்லா போன வருசம் நோன்போட நெட்போல் ஆடிட்டு டெஸ்ட் குடுத்து, யூரின்ல ரத்தம் எண்டு வந்து வீடே செத்துப்போச்சி. ரெண்டு கெழம தண்ணி குடிச்சிட்டு மறுகா குடுத்தா, ஒண்டும் இல்ல. டொக்டர்ட்ட இதச் சொன்னீங்களா?”

“அவர் கேக்கேல்லயே. ஃபாஸ்டிங்கோ எண்டுதான் கேட்டவை. ஓம் எண்டனான்.”

றமீலா தலையில் கையை வைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா தெரியவில்லை. நப்லா அவளுடைய தங்கச்சி மகள். இருபது வயதுப் பிள்ளை. நான் அப்படியா? எனக்கு உண்மையாகவே வருத்தம் இருந்தால்?

நம்பப் பயமாக இருக்கிறது. நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

நவம்பர் 25, திங்கள்

நிருஷாவோடு டொக்டரிடம் போனேன். படித்த மனிசனுக்கு முன்னால் போய் நான் என்னவென்று சொல்லுவது? எனக்கு அந்தச் சொல் விளங்கவில்லை என்றா? வாசலில் இருந்தே திரும்பிப் போகப் பார்த்தேன். நிருஷா சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அவள் சொல்லச் சொல்ல டொக்டர் பேனையை வைத்துவிட்டார். என்னைப் பார்த்து நேரே சிங்களத்தில் கேட்டார், எத்தனை நாள் என்று. ஆறு விரலைக் காட்டினேன். ஓடினீர்களா என்றார். ஓடினேன். தண்ணீர்? இல்லை.

“அம்மே,” என்றார் மெல்ல, “எக றெயக் விதறய்.”

ஒரு இரவு மட்டும்தான். அதிலும் தண்ணீர் குடிக்கலாமாம்.

அவர் சிரிக்கவில்லை. அதற்கு அவர் நன்றாக இருக்க வேண்டும். இது காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்றார். டிசம்பர் நடுவில் திரும்பச் சோதிப்பார்கள். அதுவரை நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். ஓடவே கூடாது.

“மரதன் எட்டாம் திகதி” என்றேன்.

“அதுவும் கூடாது” என்றார்.

நவம்பர் 29, வெள்ளி

மழை. தண்ணீர் குடிக்கிறேன். மருந்து மாதிரி மணிக்கு ஒரு கிளாஸ். மயூரிக்கு முன்னால் எப்படிக் குடிப்பது? குசினிக்குள் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று குடிப்பேன், கள்ளி மாதிரி. இன்று திரும்பினால் கதவடியில் நிற்கிறாள்.

“ஏன் அம்மா ஒளிச்சுக் குடிக்கிறியள்?”

“ஒளிக்கேல்லையே.”

“ஹோலுக்கு வாங்கோ. எனக்கு முன்னால இருந்து குடியுங்கோ.”

கிளாஸை நிரப்பி என் கையில் தந்தாள். எதிரே இருந்தாள். நான் குடிக்கும்போது என் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாயும் மெல்ல அசைந்தது. குடித்து முடிய, “நல்ல குளிரோ?” என்று கேட்டாள்.

சூரன்போர் அண்டைக்குக் குடிக்காதது எனக்குப் பெரிய காரியமாப் போச்சு. இதெல்லோ விரதம்.

டிசம்பர் 8, ஞாயிறு

மரதன் நடந்தது.

நான் ஓட மாட்டேன் என்று சொன்னதும் றமீலா ஏன் என்று கேட்கவில்லை. “அப்ப தண்ணி மேசைக்கு வாங்க” என்றாள். பேர் கொடுத்த எல்லாருக்கும் தைத்த ரீ-சேட் எனக்கும் இருந்தது. போட்டுக்கொண்டேன். நெஞ்சில் இலக்கத் துண்டு மட்டும் குத்தவில்லை.

மரீன் டிறைவில், எங்கள் ஒழுங்கைச் சந்து வந்து ஏறுகிற இடத்தில் மேசை. பேசின் நிறையத் தண்ணீர், கடதாசிக் கப். வெயில் ஏறமுன்னமே சனம் வரத் தொடங்கிவிட்டது. என்னோடு ஓடிப் பழகிய பெண்கள் ஒவ்வொருத்தியும் என்னைக் கண்டதும், “அன்ரி, என்ன இங்க நிக்கிறியள்?” என்று கேட்டுவிட்டுத்தான் கப்பை வாங்கினார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரே பதில். முழங்கால். கடைசியில் முழங்கால் உண்மையாகவே நோவது மாதிரி இருந்தது.

கால் எனக்கு அடங்கவில்லை. அவர்கள் போகப் போகக் குதிக்கால் தன்பாட்டில் எழும்புகிறது. என்னால் ஓடியிருக்க முடியும். முழுக்க ஓடியிருப்பேன். அது எனக்குத் தெரியும், வேறு ஒருத்தருக்கும் தெரியாது.

றேணுகா வந்தாள். வராமல் இருப்பாளா? கோயிலுக்குப் போகிற பட்டுச் சேலை, பக்கத்தில் இன்னும் இரண்டு பேர்.

“என்னக்கா, ஊர் முழுக்கத் தம்பட்டம் அடிச்சுப்போட்டு இங்க தண்ணி ஊத்துறியள்?”

“முழங்கால், றேணுகா.”

“நான் ஆரத்தித் தட்டோட எல்லோ வரப் பார்த்தனான்!”

மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். என் கையில் பெரிய ஜக் நிறையத் தண்ணீர். ஒரு கணம் — இல்லை, ஊற்றவில்லை. வாய்க்குள் பதில் வந்து பல்லில் முட்டி நின்றது. என்ர பிள்ளைக்கு என்ர உடம்பைக் குடுக்கிறதுக்காக நிக்கிறனடி! சொல்லியிருந்தால் அவள் முகம் எப்படிப் போயிருக்கும்? ஆனால் நிருஷா? விழுங்கினேன். “நீயும் ஒரு கப் குடி, வெயிலா இருக்கு” என்று நீட்டினேன். வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள்.

சாமினி என் ரீ-சேட்டைப் பிடித்து இழுத்தாள். “அம்மம்மா, நீங்க லூஸ் பண்ணிட்டீங்களா?”

“இல்லையம்மா.”

“அப்ப வின் பண்ணிட்டீங்களா?”

“அதுவும் தெரியேல்ல.”

அப்போதுதான் மயூரி வந்து சேர்ந்தாள். வீட்டில் இருந்து மெல்ல நடந்து வந்திருக்கிறாள், குடையோடு. திட்டினேன். காதில் வாங்காமல் கதிரையில் இருந்து, கப்புகளை நிரப்பி ஓடிவருகிறவர்களுக்கு நீட்டத் தொடங்கினாள். வீங்கின கையால். ஒருவன் பாதி குடித்துவிட்டு மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டு போனான். அவள் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“பாருங்கோ அம்மா,” என்றாள், “எவ்வளவு லேசாக் கொட்டுறான்.”

கடைசி ஆள் போகும்வரைக்கும் இரண்டு பேரும் தண்ணீர் கொடுத்தோம்.

டிசம்பர் 16, திங்கள்

சோதனை. நேற்று இரவு ஒரு நேரம்தான் சாப்பிடாமல் இருந்தேன். தண்ணீர் குடித்தேன். கோயிலுக்கும் போகவில்லை, பஸ்ஸில் நேரே போனேன். முருகன் குறை நினைக்க மாட்டார். நினைத்தால் நினைக்கட்டும், பிறகு கதைத்துத் தீர்க்கலாம்.

டிசம்பர் 20, வெள்ளி

இரத்தம் இல்லை. புரதம் இல்லை. கூடிக்கிடந்தது இறங்கிவிட்டது.

டொக்டர் கை தந்தார். நான் பிடித்த கையை விடவில்லை. பாவம் மனிசன், மற்றக் கையால் எழுதினார்.

இன்னும் எவ்வளவோ சோதனை இருக்கிறதாம். ஸ்கேன், கிட்னி எடுக்க அனுமதி தருகிற கமிட்டி, கையெழுத்து. சந்தோஷப்படப் பயமாக இருக்கிறது. நிருஷா தன்னுடைய துண்டைக் கிழித்து ஆஸ்பத்திரிக் குப்பைக் கூடையில் போட்டாள். அதை மட்டும் கண் நிறையப் பார்த்தேன்.

ஜனவரி 3, வெள்ளி

மயூரிக்கு நெஞ்சில் தண்ணீர் கட்டி வார்ட்டில் வைத்திருக்கிறார்கள். கமிட்டி இன்னும் கூடவில்லை. கெதியா, கெதியா, சுறுக்கா.

ஜனவரி 14, செவ்வாய். தைப்பொங்கல்

மயூரி வீட்டுக்கு வந்துவிட்டாள். பொங்கல் கொடுக்கிற சாட்டில் கீழே போய் றேணுகாவிடம் எல்லாவற்றையும் நானே சொல்லிவிட்டேன். நிருஷா சொல்லச் சொன்னாள். “அக்காவை ஒளிச்சு வைச்சு எனக்கொரு கலியாணம் வேண்டாம் அம்மா.”

றேணுகா பொங்கல் கிண்ணத்தைக் கையில் வைத்தபடி நின்றாள். “அப்ப அண்டைக்கு முழங்கால் நோகேல்லையே?” என்றாள். இல்லை என்றேன். மாப்பிள்ளை பகுதிக்குச் சொன்னாளோ தெரியாது. நிச்சயதார்த்தம் பற்றி ஒரு கதையும் இல்லை.

பெப்ரவரி 17, திங்கள்

வார்ட். மயூரி அடுத்த கட்டிலில் இருக்கிறாள். பின்னேரம் சாமினி வந்து தான் கீறின படத்தைத் தந்துவிட்டுப் போனாள். இரண்டு கஜுக் கொட்டை. ஒன்றுக்கு ஓட்டச் சப்பாத்துப் போட்டிருக்கிறாள்.

பயம் இல்லை என்று எழுத வந்தேன். பொய். வைத்த பிறகு அது வேலை செய்யாமலும் விடலாமாம், டொக்டர் அதையும் மறைக்கவில்லை.

இப்போதுதான் நர்ஸ் வந்து கையில் பட்டி கட்டினாள். நாளைக்கு ஒப்பரேசன், இன்றிரவு பத்து மணிக்குப் பிறகு சாப்பாடும் இல்லை, தண்ணீரும் இல்லை என்றாள்.

“அம்மே, பாஸ்டிங்.”

“எத்தனை நாள்?” என்று கேட்டேன். இனி நான் கேட்காமல் விட மாட்டேன்.

சிரித்தாள். “எக றெயக் விதறய்.”

மயூரி அடுத்த கட்டிலில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். “அம்மா, நாளையிண்டைக்கு எனக்குத் தண்ணி தருவினமோ?”

“தருவினம்.”

“எவ்வளவு?”

“நீ போதும் எண்டு சொல்லும்வரைக்கும்.”

பத்து மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. என் போத்தலில் பாதி கிடக்கிறது. மயூரியின் பக்கம் திரும்பி இருந்து, அதைக் குடித்துவிட்டுப் படுக்கிறேன்.